இரண்டாம் ஓலை

சார்லஸ் கண்டுபிடித்தவற்றில் ஒழுங்காக ஓடியது ஒன்றே ஒன்றுதான். அதுவும் உயிரோடு இருப்பவர்களுக்கு உபயோகப்படாது.

சூசைக்குளத்து எலக்ட்ரீஷியனான அவர் உயிரோடு இருப்பவர்களுக்காகச் செய்ததெல்லாம் வேறு கணக்கு. அடைக்கலமேரி வாழ்க்கைப்பட்டு வந்த வருசமே, தேங்காய் துருவ மோட்டார் வைத்த மணை ஒன்று செய்து கொடுத்தார். சுவிட்சைப் போட்டதும் அது தேங்காயை விட்டுவிட்டு அவள் முந்தானையைத் துருவியது. முந்தானை தீர்ந்ததும் அடுப்படியை விட்டு இறங்கி, வயர் நீளுகிற தூரம் வரைக்கும் தெருவில் போய், எதிர்வீட்டு ஆட்டுக்குட்டியை விரட்டியது. கண்ணால் பார்த்தவர்கள் சூசைக்குளத்தில் இன்னும் இருக்கிறார்கள். பிறகு இட்லி வெந்ததும் சங்கு ஊதுகிற கொப்பரை. முதல் ஈட்டுக்கு ஊதிய சங்கில் ரைஸ்மில்காரர் சாப்பாட்டு நேரம் என்று மில்லை நிறுத்தினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டன. கீரனூரிலிருந்து தீயணைப்பு வண்டியே வந்து நின்றது. வந்தவர்களுக்கு அடைக்கலமேரி வேறு சட்டியில் அவித்து இட்லி கொடுத்து அனுப்பினாள். சங்கு ஊதினாலும் கொப்பரையில் இட்லி என்னவோ வேகவில்லை.

இரண்டாயிரமாவது வருசம் பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும் என்று பேப்பரில் வந்தது. சூசைக்குளத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. இருந்தாலும் முன்ஜாக்கிரதையாகக் கோவில் மணிக்கூண்டுக் கடிகாரத்தை சார்லஸ் ஏறி நிறுத்தி வைத்தார். அதற்கப்புறம் அது ஓடவே இல்லை. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றார் பெண்டாட்டியிடம்.

ஆனால் பெட்டி ஓடியது.

பெட்டிக்கு ஒரு காரணம் உண்டு. பக்கத்து வீட்டுப் பெரியகருப்பன் கத்திரி வெயிலில் கண்ணை மூடினார். ஒரே மகன் நிலவழகனுக்கு சிங்கப்பூரில் வேலை. மகன் வந்துதான் எடுக்க வேண்டும் என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள். கீரனூரிலிருந்து ஐஸ் பாளம் பாளமாக வந்தது. உமியைக் கொட்டி, அதன்மேல் ஐஸை அடுக்கி, பெரியவரைக் கிடத்தினார்கள். சூசைக்குளத்து வெயிலுக்கு ஐஸ் எம்மாத்திரம்? வாசலைத் தாண்டி வாய்க்காலாக ஓடியது, கோழிகள் குடித்தன. மறுநாள் மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவர்கள் எட்ட நின்று அழுதார்கள். சாயங்காலம் தெருமுனையில் நின்று அழுதார்கள். அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. டாக்ஸியில் வந்து இறங்கிய நிலவழகனை நேரே சுடுகாட்டுக்குத்தான் கூட்டிப்போனார்கள். அவன் சாம்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "மொகத்தையாவது கொஞ்சம் வச்சிருந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டான். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை. தன்னைப் பார்த்துத்தான் கேட்டான் என்று சார்லஸ் எடுத்துக்கொண்டார்.

அந்த மாதமே ஜெகதாப்பட்டினத்தில் ஓர் ஐஸ் கம்பெனி மோட்டாருக்குக் காயில் கட்டப் போனவர், போன வேலையை மறந்துவிட்டு அங்கே ஐஸில் கிடந்த மீனையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் ஆரம்பித்தார்.

"மேரி, செத்து நாலு நாளான வஞ்சிரம் நேத்துப் பொறந்த புள்ள மாதிரி முழிச்சிக்கிட்டுக் கெடக்குடி. மீனுக்குச் செய்யிற மரியாதைய மனுசனுக்குச் செய்ய மாட்டமா?"

"மொத கையக் கழுவுங்க. வீடு பூராம் கவிச்சி."

காயலான் கடையில் கழித்துப் போட்ட கம்ப்ரஸர், ஓட்டை ஐஸ்கிரீம் வண்டியிலிருந்து கழற்றிய செப்புக் குழாய், தகரம், தெர்மாகோல், மேலே கண்ணாடி மூடி. இப்படியாக ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கிற நீளத்துக்குப் பெட்டி ஒன்று உருவானது. பிளக்கைச் சொருகினால் தேனீக்கூடு மாதிரி ரீங்காரம் போட்டது. உள்ளே வைத்த பூனைக்குட்டிப் பொம்மைக்குப் பனி பூத்தது. திருச்சியிலும் மதுரையிலும் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில் மட்டும் இருக்கிற சங்கதி சூசைக்குளத்துக்கு வந்துவிட்டது என்று ஊரே வந்து பார்த்தது. பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டது.

வந்த வேலை சும்மா இல்லை. சாவு வீட்டில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்துவிட முடியாது. எவனாவது ஒரு மச்சான் வந்து, மைக்செட்டுக்கு லைன் வேண்டும் என்று பிளக்கைப் பிடுங்கிவிடுவான். அதனால் சார்லஸ் கூடவே போய், பந்தலுக்குப் பின்னால் பீஸ் கட்டைக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருப்பார். வந்தவர்களுக்கெல்லாம் கடுங்காப்பி போகும். அவரைத் தாண்டிப் போகும். அடைக்கலமேரி தூக்குவாளியில் பழைய சோறும் சுட்ட கருவாடும் கொடுத்துவிடுவாள். பெட்டி திரும்பி வந்தால் அதைக் கழுவுவது அவள். டெட்டாலை ஊற்றி, தேங்காய் நாரால் மூலை மூலையாகத் தேய்த்து, வேப்பங்குழையைப் போட்டு வெயிலில் சாய்த்து வைப்பாள். பல வீடுகளில் ஆள் பத்தாது என்று, கிடக்கிறவருக்குத் தலை சீவிவிடுவதும் அவள்தான். இத்தனையையும் செய்துகொண்டே திட்டுவாள்.

"ஊரு ஒலகத்துல புருசன்மாரு வீட்டுக்கு டி.வி. கொண்டாராங்க, கட்டிலு கொண்டாராங்க. எம்புருசன் கொண்டாந்ததப் பாருங்கடி."

திட்டுவதற்கு அவளுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெட்டி வந்ததிலிருந்து புதுமனைக்கு வயரிங் செய்ய யாரும் சார்லஸைக் கூப்பிடவில்லை. கல்யாணத்துக்குச் சீரியல் செட் போட கீரனூரிலிருந்து ஆள் வந்தது. அதுகூடப் போகட்டும். கேத வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது; சொன்னால் சாவும் கூடவே திரும்பி வரும் என்பார்கள். சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். சார்லஸ் வீட்டுக்கு மிக்சி ரிப்பேருக்கு வந்தவர்கள்கூட இப்போது சொல்லாமல் எழுந்து போனார்கள். அடைக்கலமேரி தெருவரைக்கும் துரத்திக்கொண்டு போவாள்.

"ஏய், எங்க வீட்டுல என்ன பொணமா கெடக்கு? வாரேன்னு சொல்லிட்டுப் போனா வாயி வெந்துருமா?"

மிக்சிக்காரர்கள் ஓட்டமாக ஓடினார்கள். ஒருத்தன் மிக்சியை விட்டுவிட்டே ஓடினான்.

இந்த நிலைமையில்தான் மகள் ஷர்லிக்கு மாப்பிள்ளை அமைந்தது. ஷர்லி திருச்சியில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருவாள். அதே பஸ்ஸில் லேத் பட்டறை வேலைக்குப் போகிற அருண்குமார், சூசைக்குளத்திலேயே மேலத்தெரு சந்தியாகுவின் மகன். சந்தியாகு கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். கோவில் கமிட்டியில் முன்வரிசை ஆள். சார்லஸின் அக்காள் ஆரோக்கியம்மாள் நடுவில் நின்று பேசி முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிலில் முதல் ஓலை வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சாமியார் பூசையில் மூன்று ஞாயிறு சொல்லுவதுதான் ஓலை. முதல் ஓலை போய்விட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதற்கப்புறம் நின்றுபோனால், எதற்கு நின்றது என்று ஊர் பெண்ணைத்தான் கேட்கும்.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வந்தார்கள். வெயில் தாழ்ந்தும் சுவர் கொதித்துக்கொண்டிருந்தது. அதிரசம், முறுக்கு, கோழிக் குழம்பு எல்லாம் அடைக்கலமேரியின் கை. சர்பத் மட்டும் சார்லஸ் பொறுப்பு. நன்னாரி சர்பத்தை ஒரு வாய் குடித்த சந்தியாகு கண்ணை மூடித் திறந்தார்.

"ஆத்தாடி! பல்லு கூசுது. என்ன சம்மந்தி, ஃபிரிட்ஜ் வாங்கிட்டீங்களா? சொல்லவே இல்லையே?"

"வாங்குறதா? நல்லாருக்கே. குடிங்க, குடிங்க."

"இன்னொரு டம்ளர் ஊத்துங்க. எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல இப்படிச் சில்லுன்னு ஆகமாட்டேங்குது. இது என்ன கம்பெனி?"

"நம்ம கம்பெனிதான்."

அடுப்படி வாசலில் நின்று அடைக்கலமேரி கண்ணால் ஜாடை காட்டினாள். அந்தக் கண்ணைப் படிக்க சார்லஸ் கல்யாணமான நாளிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. எழுந்து, சம்மந்தியைக் கையைப் பிடித்துக் கொல்லைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் டம்ளரோடு பின்னால் போனார்கள். சார்லஸ் ஒரு பூப்போட்ட படுதாவை உருவினார்.

புத்தம் புதுப் பெட்டி. இரண்டாவது. தலைமாட்டில் சர்பத் குடம். கால்மாட்டில் பன்னீர் திராட்சை. நடுவில் ஒரு ஆள் கிடக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பனி.

மூன்று பேரும் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார்கள். சார்லஸ்தான் பேசினார்.

"பயப்படாதீங்க சம்மந்தி. புதுசு. இன்னும் ஒருத்தரும் படுக்கல. சும்மா ஓட்டிப் பாத்தேன். முந்தாநாளு நாந்தான் படுத்துப் பாத்தேன். சொகமா இருந்துச்சு."

மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு முருங்கை மரத்தடிக்கு ஓடினாள். சந்தியாகு டம்ளரைக் கீழே வைக்கவும் முடியாமல் கையில் வைத்திருக்கவும் முடியாமல் நின்றார். கோழிக் குழம்பு அடுப்பில் அப்படியே இருந்தது. வந்தவர்கள் போனார்கள். யாரும் 'வாரேன்' சொல்லவில்லை.

இதோடு போயிருந்தால் சந்தியாகு ஒரு வாரம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு சரியாகியிருப்பார். ஊர் விடவில்லை. டீக்கடையில் அவருக்கு மட்டும் டீயை ஆற்றாமல் கொடுத்தார்கள்: "உள்ள சில்லுன்னு இருக்கும்ல மாமா, சூடாக் குடிங்க." மண்டியில் தராசுக்காரன் அவர் கையைத் தொட்டுப் பார்த்து, "அண்ணனுக்கு இன்னும் வெதுவெதுப்பு இருக்கு" என்றான். ஒரு கிழவர் நெருங்கி வந்து, முகம் வாடாமல் இருக்க அந்த சர்பத்தையே வாங்கிக் குடிக்கலாமா என்று மெய்யாகவே கேட்டாராம்.

வியாழக்கிழமை ஆரோக்கியம்மாள் வந்து சேர்ந்தாள். குடையை மடக்கிக்கூட வைக்காமல் பேச ஆரம்பித்தாள்.

"மேரி, நான் சொல்றதக் கேட்டுட்டுக் கத்து. கேக்காமக் கத்தாத."

"சொல்லுங்க மதினி."

"சந்தியாகு ஒண்ணும் கல்யாணத்த நிறுத்தச் சொல்லல. ஊரு வாய மூடணுமாம். அவ்வளவுதான்."

"எப்படி மூடணுமாம்?"

"அந்தப் புதுப் பெட்டிய நடுத்தெருவுல வச்சு, நாலு பேரு பாக்க ஒடைச்சுப் போட்டுறணுமாம். சனிக்கெழமைக்குள்ள. ஒடைச்சுட்டா ரெண்டாம் ஓலை வாசிக்கலாம்னு சாமியார்ட்ட சொல்லிருவாராம். இல்லன்னா நிறுத்தி வைக்கச் சொல்லிருவாராம்."

"பழைய பெட்டி?"

ஆரோக்கியம்மாள் குடையைப் பார்த்தாள்.

"அத ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லலையா, ஏதோ சொன்னாரா?"

"பழசு... இருந்துட்டுப் போகட்டுங்கிறாரு. நாளப்பின்ன யாருக்கும் தேவைப்படும்ல."

அடைக்கலமேரி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கரைத்த கையோடு எழுந்தாள்.

"பழசு தேவைப்படும்! அதுலதான மதினி பொணம் கெடந்துச்சு? அது இருக்கலாம். ஒண்ணுமே படுக்காத புதுச ஒடைக்கணும். இது எந்த ஊரு நாயம்? போன வருசம் அவரு ஆத்தா செத்தப்ப எங்க கெடந்துச்சு? அவரு தங்கச்சி, கன்னியாஸ்திரி, அசாமுலேருந்து ரயிலேறி வந்து சேர்ற வரைக்கும் எங்க கெடந்துச்சு?"

"எனக்குத் தெரியாதா?"

"அந்தக் கெழவிக்குத் தல சிக்குப் புடிச்சுக் கெடந்துச்சு. மருமக கிட்ட வரல. நாந்தான் எண்ணெ தடவிச் சீவுனேன். செவமாலைய வெரல்ல சுத்துனேன். அப்ப இந்த மனுசன் எம்புருசன் கையப் புடிச்சிக்கிட்டு, 'சார்லஸு, நீ தெய்வம்டா'ன்னு அழுதாரே. எங்க ஆத்தா தூங்குற மாதிரியே இருக்குன்னு அழுதாரே. தெய்வம் குடுத்த சர்பத்து எறங்கலையாமா?"

"நான் என்னத்தா செய்ய? புள்ள பேரு ஓலையில ஏறிருச்சு. யோசி."

ஆரோக்கியம்மாள் போகும்போது, "போயிட்டு வாரேன்" என்று சத்தமாகச் சொன்னாள். சொந்த நாத்தனார், அவளாவது சொன்னாள்.

சார்லஸ் அன்று முழுக்க, எவனோ விட்டுவிட்டு ஓடிய அந்த மிக்சியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலையில் சம்மட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். புதுப் பெட்டியைத் தெருவாசலுக்கு இழுத்து வந்தார். பழசைவிட எடை குறைவு. ஒற்றை ஆளே இழுக்கலாம். அதற்காகத்தான் அப்படிச் செய்திருந்தார். தெருவில் ஏற்கெனவே ஆட்கள் கூடியிருந்தார்கள். ஒடைக்கிறதைப் பார்க்க ஊருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

"தள்ளி நில்லுங்கப்பா, கண்ணாடி தெறிக்கும்" என்றார். கை ஓங்கினார்.

அடைக்கலமேரி முறத்தோடு வந்தாள். முறத்தில் முருங்கைக் கீரை. வந்தவள் பெட்டியின் கால்மாட்டில், கண்ணாடி இல்லாத தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தாள்.

"மேரி, எறங்கு."

"கீரை ஆயிறேன், தெரியல?"

"ரெண்டு வருசமா பெட்டிய ஒடைச்சுப் போடச் சொல்லி நீதான கத்துன?"

"நான் கத்துவேன். நான் கழுவுறேன், நான் கத்துவேன். கண்டவன் சொல்லி நீங்க ஏன் ஒடைக்கணும்?"

"புள்ள கல்யாணம்டி."

"புள்ள கல்யாணத்துக்கு ஆட்ட வெட்டுவாங்க, கோழிய வெட்டுவாங்க. பெட்டிய எதுக்கு வெட்டணும்? ஒடைச்சிட்டா அப்புறம் நம்ம என்னன்னு ஒத்துக்கிட்ட மாதிரி? தப்புப் பண்ணிட்டோம்னு. நீங்க என்ன தப்புப் பண்ணுனீங்க? அத மூடி தொறந்து காட்டுனதுதான் தப்பு. அதுக்கு ஒங்கள நான் வீட்டுக்குள்ள வச்சு ஒதைப்பேன். தெருவுல ஒருத்தன் ஒதைக்க விடமாட்டேன்."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். அடைக்கலமேரி அவன் பக்கம் திரும்பினாள்.

"என்ன சிரிப்பு? ஒங்க மாமன் கொளத்துல விழுந்து எடுத்தப்ப எங்க வச்சு அழுதீங்க? சட்டியிலயா?"

சிரித்தவன் கூட்டத்துக்குள் போய்விட்டான். வெயில் ஏற ஏறக் கூட்டம் கரைந்தது. கீரை ஆய்ந்து முடித்து, சின்ன வெங்காயம் உரித்து, கேப்பை புடைத்து, பக்கத்து வீட்டுக்காரியின் கேப்பையையும் வாங்கிப் புடைத்தாள். அன்றைக்கு அந்த வீட்டுச் சமையலில் அடுப்பு எரிந்ததைத் தவிர மற்றதெல்லாம் பெட்டியின் மேல்தான் நடந்தது. சார்லஸ் சம்மட்டியை நட்டு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதைச் சாய்த்துவிட்டு, அவள் உட்கார்ந்ததில் நெளிந்த மூலையைத் தட்டி நேராக்கினார்.

சாயங்காலம் பஸ் இறங்கி வந்த ஷர்லி செருப்பைக் கழற்றினாள். முகத்தைக் கழுவினாள். பிறகு வந்து பெட்டியின் மேலேயே அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னடி, மொகம் ஒரு மாதிரி இருக்கு? அவனப் பாத்தியா பஸ்ல?"

"பாத்தேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. நான் முன்னாடி ஏறினேன். அவரு என்னையப் பாத்துட்டுப் பின்படிக்கட்டு வழியா எறங்கிட்டாரு. அடுத்த பஸ்ல வந்திருப்பாரு."

அடைக்கலமேரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஷர்லி வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குக் கோவில் நிறைந்திருந்தது. வழக்கமாக முதல் பூசைக்கு வராதவர்களும் தலை குளித்து வந்திருந்தார்கள். எதற்கு வந்தார்கள் என்று கடவுளுக்கும் தெரியும். ஷர்லி பாடகர் குழுவில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில். ஆண்கள் பக்கம் சார்லஸ். பெண்கள் பக்கம் அடைக்கலமேரி. சந்தியாகு வீட்டாரை மட்டும் காணோம். நற்கருணை முடிந்து, கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்னால் சாமியார் ஓலைத் தாளை எடுத்தார். கிளைக்கோவில் ஒன்றைச் சேர்ந்த ஒரு ஜோடிக்கு மூன்றாம் ஓலை. கீழத்தெருவில் ஒரு ஜோடிக்கு முதல் ஓலை.

"இத்திருமணங்களுக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று வாசித்துவிட்டுத் தாளை மடித்தார்.

அவ்வளவுதான். மூன்றாவது பேர் வரவில்லை.

அடைக்கலமேரி எழுந்தாள். முக்காடு நழுவியது, இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சாமி."

"என்னம்மா?"

"எம்மக பேர விட்டுட்டீங்க."

"பூசை முடிஞ்சு பேசலாம்மா."

"போன வாரம் பூசையிலதான வாசிச்சீங்க? விட்டதையும் பூசையிலயே கேட்டுக்கிறேன்."

"மாப்பிள்ளை வீட்டுல நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்காங்க. நான் என்ன செய்யட்டும்?"

"எதுக்காம்?"

"அது... ஒங்களுக்கே தெரியுமே அம்மா."

"எனக்குத் தெரியும். இங்க இருக்கவுங்களுக்கும் தெரியும். மாதாவுக்கும் தெரியணும்ல, அதான் கேக்கறேன்." சாமியாரை விட்டுவிட்டு ஜனங்கள் பக்கம் திரும்பினாள். "எம்புருசன் திருடல. குடிக்கல. ஒங்க வீட்டு ஆளு செத்தா நாறாம வச்சுக் குடுத்தாரு. நாறவிட்டிருந்தா இன்னைக்கு நல்ல சம்மந்தியா இருந்திருப்பாரு. பிளக்குப் பக்கத்துல நாயி மாதிரி உக்காந்திருப்பாரு. ஒரு காப்பித்தண்ணி குடுத்திருக்கீங்களா எவராச்சும்? மூஞ்சியப் பாத்துக் கும்புட்டீங்க, முத்தம் குடுத்தீங்க, போட்டோ புடிச்சீங்க. யாரு குடுத்த மூஞ்சி அது?"

"அம்மா, இது கோவில்..."

"தெரியும் சாமி. அதான் மெதுவாப் பேசறேன்." அவள் மெதுவாகப் பேசியதில் ரோட்டில் போன பஸ் நின்றுவிட்டது. "எங்க பெட்டியில ஒங்க வீட்டுச் சனம் ஒண்ணுகூடப் படுக்காதவுங்க இருந்தா கையத் தூக்குங்க. அவுங்க பேசட்டும். நான் உக்காந்துக்கறேன்."

ஒரு கையும் ஏறவில்லை. விசிறிக்கொண்டிருந்த கைகளும் இறங்கிவிட்டன. மேலே சார்லஸ் மாட்டிக் கொடுத்த மின்விசிறி மட்டும் கிட்டுக் கிட்டென்று சுற்றியது. சார்லஸ் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப வாசிங்க சாமி" என்றாள் அடைக்கலமேரி.

"வாசிக்க வேணாம் சாமி."

ஆர்மோனியத்துப் பக்கமிருந்து ஷர்லி எழுந்து நின்றாள்.

"தடை இருந்தாச் சொல்லணும்னு இப்பதான வாசிச்சீங்க? நான் சொல்றேன்."

சாமியார் மடித்த தாளைத் திரும்பவும் பிரித்தார். "யாருக்கம்மா தடை?"

"எனக்குத்தான். அவுங்க வீட்டுல நாளைக்கு ஒரு சாவு விழுந்தாலும் எங்கப்பா பெட்டியத் தூக்கிக்கிட்டு ஓடுவாரு. எங்கம்மா திட்டிக்கிட்டே போயித் தல சீவிவிடும். எங்கப்பாவுக்கு ஒண்ணுன்னா அந்த வீட்டு ஆளு முன்வாசல் வழியா வருவாரா, நேத்து மாதிரி பின்படிக்கட்டு வழியா எறங்கிப் போவாரான்னு எனக்குத் தெரியல. தெரியாத வீட்டுக்கு நான் போகல. அவுங்க ஒண்ணும் நிறுத்தல சாமி. நான் நிறுத்துறேன். அப்படியே எழுதிக்கங்க."

மணப்பெண்ணே எழுந்து தடை சொல்லி அந்தக் கோவிலில் யாரும் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக என்ன வாசிக்க வேண்டும் என்று ரோமாபுரியிலிருந்து வந்த எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். சட்டைப்பையில் பேனா தேடினார். ஓலையில் ஏதோ எழுதினார். பிறகு, "எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க, ஆசீர்வாதம் வாங்கிக்கங்க" என்றார்.

எல்லோரும் எழுந்தார்கள். அடைக்கலமேரி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை.

வெளியே வேப்ப மரத்தடியில் மூன்று பேரும் சேர்ந்தார்கள். கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு, தொடாமல், ஆற்றுத் தண்ணீர் பாறையைச் சுற்றிப் போகிற மாதிரி போனது. சார்லஸ் தொண்டையைக் கனைத்தார். மகளிடம் என்னவோ சொல்ல நினைத்தவர் மாதிரி இருந்தது.

"அந்த ஃபேனுல பேரிங் போயிருச்சு" என்றார்.

"ஆமாப்பா" என்றாள் ஷர்லி. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடைக்கலமேரி அதைப் பார்த்தாள். பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தால் அவளுக்குக் கோபம் வரும்.

"ஏன்டி, நான் பேசிக்கிட்டு இருக்கையில ஒன்னைய யாரு எந்திரிக்கச் சொன்னா?"

"நீதான் பேசி முடிச்சிட்டியேம்மா."

"எங்கடி முடிச்சேன்? மூச்சு வாங்குறதுக்கு நிறுத்துனேன். கெழவிக்குத் தல சீவுனத இன்னும் சொல்லவே இல்ல. அவரு அழுத அழுகையச் சொல்லல. பழசு இருக்கட்டும் புதுச ஒடைன்னு சொல்லி அனுப்புனத ஒரு வார்த்த சொல்லல."

"போதும்மா. நின்னுருச்சுல்ல. வா, வீட்டுக்குப் போவோம்."

"ஒனக்கு நின்னுருச்சு. எனக்கு நிக்கலையே."

கோவில் மணி அடித்தது. ரெண்டாம் பூசைக்கு மேலத்தெருக்காரர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக சந்தியாகு, பின்னால் அவர் பெண்டாட்டி, அதற்கும் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு அருண்குமார்.

"ஒரு நாளைக்கு ரெண்டு பூசை காணக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்லைல்ல?" என்றாள் அடைக்கலமேரி.

"இல்ல" என்றார் சார்லஸ்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் போயி அடுப்புல ஒலைய வைங்க. நான் வாரேன்."

முக்காட்டை இழுத்துக் காதுக்குப் பின்னால் சொருகிக்கொண்டு, அவள் திரும்பக் கோவிலுக்குள் போனாள். பெண்கள் பக்கத்தில், முதல் வரிசையில், சாமியாருக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தாள்.